பட்ட இடம் தெரியாமல்

அத்தியாயம் 17

புதன்கிழமை காலை ஆறு மணிக்கெல்லாம் சின்னராஜ் பிக்கப்பின் அடியில் படுத்திருந்தான். வெளியே தெரிந்தது அவனுடைய இரண்டு கால்கள் மட்டும்தான். கல்யாணமாகிப் பதினாறு வருஷத்தில், காப்பி குடிக்காமல் அவன் சுத்தியலைத் தொட்டு சுகுணா பார்த்ததில்லை. தம்ளரை வைத்துக்கொண்டு அந்தக் கால்களுக்குப் பக்கத்தில் நின்றாள். நேற்றிலிருந்து சொல்லாமல் வைத்திருப்பதை இப்போதாவது சொல்லியாக வேண்டும்.

சூளகிரியைத் தாண்டி, ஓசூர் போகும் பெரிய ரோட்டை ஒட்டியிருக்கிறது சின்னராஜின் டிங்கரிங் பட்டறை. முன்னால் தகரக் கொட்டகை, பின்னால் இரண்டு ரூம் வீடு. சுகுணாவின் தம்பி தீர்த்தகிரி, மூக்கு நசுங்கிய தன் வெள்ளைப் பிக்கப்பைக் கொண்டுவந்து அந்தக் கொட்டகையில் நிறுத்தியது ஞாயிற்றுக்கிழமை இரவு ஒன்பது மணிக்கு. பாரூரிலிருந்து ஓசூர் மார்க்கெட்டுக்குத் தேங்காய் ஏற்றும் பழைய வண்டி. ரேடியேட்டர் ஒழுக ஒழுக, வழியில் நாலு இடத்தில் நிறுத்தித் தண்ணீர் ஊற்றி ஓட்டிவந்திருந்தான். குறுக்கே நாய் வந்துவிட்டது, புளியமரத்தில் விட்டுவிட்டேன் என்று சொன்னான். சொல்லும்போது அக்காவின் முகத்தைப் பார்க்கவில்லை. சாவியை ஆணியில் மாட்டிவிட்டு, ஒரு வாய் சாப்பிடக்கூட உட்காராமல் பஸ் ஏறிப் போய்விட்டான். அதற்குப் பிறகு அவன் போன் அணைந்தே கிடக்கிறது.

வண்டி போனால் போகிறது, பிள்ளை தப்பித்தானே என்றுதான் சுகுணா அன்றைக்கு நினைத்தாள். அந்த நிம்மதியை நேற்று மதியம் கம்பெனி பஸ்ஸில் சுமலதா பறித்துக்கொண்டுவிட்டாள்.

சுமலதாவும் சுகுணாவும் ஓசூரில் ஒரு கம்பெனியில் ஒரே லைனில் வேலை செய்கிறவர்கள். பஸ்ஸிலும் பக்கத்துப் பக்கத்து சீட். சுமலதாவின் பெரியப்பா மதுரைவீரன் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஏழு மணிக்குக் காவேரிப்பட்டினத்திலிருந்து பாரூருக்கு மொபெட்டில் போயிருக்கிறார். எதிரே வந்த ஒரு வண்டி தூக்கி அடித்துவிட்டு நிற்காமல் போய்விட்டது. கிருஷ்ணகிரி ஆஸ்பத்திரியில் கிடக்கிறார், கண் திறக்கவில்லை. டீக்கடைக்காரர் ஒருவர் தூரத்திலிருந்து பார்த்தாராம். வெள்ளை பிக்கப், பழசு.

சுமலதா சுகுணாவின் தோளில் சாய்ந்து அழுதாள். அழுதுகொண்டே சொன்னாள். "ஓட்டிக்கினு போனவன் நல்லா இருக்க மாட்டான்க்கா. நீ வேணா பாரு."

சுகுணா அவள் முதுகைத் தடவிக்கொடுத்துக்கொண்டுதான் இருந்தாள். 

இதையெல்லாம் இப்போது அந்த இரண்டு கால்களிடம் சொல்லி முடித்தாள்.  பிறகு சின்னராஜ் மெல்ல வெளியே வந்து, சுவரில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்தான். அவன் முகத்தில் ஆச்சரியமே இல்லை. சுகுணாவுக்கு அதுதான் அதிகப் பயத்தைக் கொடுத்தது.

"உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?"

"மரம் இல்லன்னு தெரியும்," என்றான். "திங்கக்கெழமயே தெரியும்."

டிங்கரிடம் வண்டியில் பட்ட அடியைப் பற்றிப் பொய் சொல்லி யாரும் தப்பித்ததில்லை. குடித்துவிட்டுச் சுவரில் விட்டவனும், தூங்கிப்போய் முன்னால் போன லாரியில் விட்டவனும் நாய் மேலேயும் மாட்டு மேலேயும்தான் பழியைப் போடுவார்கள். சின்னராஜ் சரி சரி என்று தலையாட்டிவிட்டுத் தகரத்தைப் பார்த்துத் தெரிந்துகொள்வான். மரமென்றால் மடிப்புக்குள் பட்டைத் தூள் சிக்கியிருக்கும். அடி மேலிருந்து கீழே வரை ஒரே கோடாக இறங்கி, பானெட்டையும் சேர்த்து மடித்திருக்கும். இந்த வண்டியில் அப்படியில்லை. பம்பருக்கு நடுவில் ஒரே குழி. கிரில் நொறுங்கி, ரேடியேட்டரைத் தாங்கும் சட்டம் உள்ளே போயிருந்தது. பானெட்டின் மூக்கு மட்டும் சுருண்டிருந்தது. முழங்காலுக்குக் கொஞ்சம் மேலே நிற்கிற, கனமான எதிலோ பட்ட அடி.

மொபெட் உயரம் என்று அவன் சொல்லவில்லை. சுகுணாவே கணக்குப் போட்டுக்கொண்டாள்.

"இன்னொன்னு இருக்குது. வா," என்று எழுந்தான். கழற்றி வைத்திருந்த பம்பர் மேல் திங்கட்கிழமையே ஒரு சாக்கைப் போட்டு மூடியிருந்தான். சாக்கை விலக்கி டார்ச் அடித்துக் காட்டினான். குழியின் மடிப்பில், விரல் அகலத்துக்கு, சிவப்பாக ஏதோ அப்பிக் காய்ந்திருந்தது. மேலே புழுதி ஒட்டிக் கறுத்துப்போயிருந்தது. ரேடியேட்டர் சட்டத்திலும் அதே சிவப்பு தெறித்திருந்தது.

சுகுணா அங்கேயே உட்கார்ந்துவிட்டாள். அம்மா போனபோது தீர்த்தகிரிக்கு நாலு வயசு. அவளுக்குப் பதினொன்று. இடுப்பில் வைத்துக்கொண்டுதான் பள்ளிக்கூடம் போனாள். அவன் முதல் தடவை வண்டி எடுத்தபோது அவளைத்தான் பக்கத்தில் உட்கார வைத்து பாரூர் ஏரியைச் சுற்றிக் காட்டினான். அவன் ஒரு மனுஷனை அடித்துப் போட்டுவிட்டு நிற்காமல் வருகிறவனா? இல்லை என்று சொல்ல வாய் வந்தது. கண்ணுக்கு முன்னால் சிவப்பு இருந்தது.

ஸ்டேஷனுக்குப் போய்ச் சொல்லிவிடலாமா என்று சின்னராஜ்தான் முதலில் கேட்டான். அவள் வேண்டாம் என்றாள். தம்பிக்கு இரண்டு பெண் பிள்ளைகள், சின்னதுக்கு இன்னும் பேச்சே வரவில்லை என்றாள். அவன் வாயிலிருந்து ஒரு வார்த்தை கேட்காமல் தான் எப்படிக் காட்டிக்கொடுப்பேன் என்றாள்.  ஆனால் இந்த மாதிரி கேஸில் போலீஸ் முதலில் தேடுவது பட்டறைகளைத்தான் என்பது சின்னராஜுக்குத் தெரியும். இன்றைக்கோ நாளைக்கோ யாராவது வருவார்கள். வந்து பார்க்கும்போது வண்டி இப்படி வாயைப் பிளந்துகொண்டு நிற்கக் கூடாது.

இரண்டு பேரும் யோசித்தது அவ்வளவுதான். பயம் வந்தால் மனுஷனுக்குக் கைதான் முந்திக்கொள்கிறது, அதிலும் சின்னராஜுக்குத் தெரிந்தது ஒரே ஒரு வேலை.

அந்த வேலையில் அவன் கெட்டிக்காரன் என்பதை இந்த இடத்தில் சொல்லியே ஆகவேண்டும். ஓசூரில் ஒரு கம்பெனியின் பிரஸ் ஷாப்பில் எட்டு வருஷம் காண்ட்ராக்டில் இருந்தவன். பிறகு சொந்தமாகப் பட்டறை போட்டான். வண்டியை எடுக்க வருகிறவர்கள் முன்பக்கத்தைத் தடவிப் பார்த்து, பட்ட இடமே தெரியலையே என்பார்கள். அந்த ஒரு வார்த்தைக்காக அவன் ஒரு வாரம் கூட ஒரு வண்டியோடு மல்லுக்கட்டுவான். அதைக் கேட்ட அன்றைக்கு வீட்டில் பாட்டுச் சத்தம் கேட்கும்.

இன்றைக்குப் பாட்டுக்கு வழியில்லை. சட்டத்தில் சங்கிலியை மாட்டி, மறுமுனையைக் கான்கிரீட் தூணில் கட்டி, செயின் பிளாக்கைக் கையால் இழுத்தான். உள்ளே போன சட்டம் முனகிக்கொண்டே வெளியே வந்தது. பானெட்டைக் கழற்றி மணல் மூட்டை மேல் கவிழ்த்து, கேஸ் வைத்துப் பழுக்கக் காட்டி, அடியில் இரும்புக் கட்டியைக் கொடுத்துத் தட்டினான். நாலு நாள் வேலை. மதியத்துக்குள் முடிக்கப் பார்த்தான். சுகுணா மறுமுனையைப் பிடித்துக்கொண்டாள். ரோட்டில் ஒரு வண்டி வேகம் குறைத்தால்கூட இரண்டு பேரும் கையை நிறுத்தினார்கள்.

சிவப்பைத் துடைத்தது சுகுணாதான். தன்னுடைய பழைய பச்சைப் புடவையில் ஒரு முழம் கிழித்து, மண்ணெண்ணெயில் நனைத்து, முதலில் பம்பரைத் துடைத்தாள், பிறகு சட்டத்தைத் துடைத்தாள். அது லேசில் வரவில்லை. ஊறி, இளகி, கெட்டியாக வந்தது. நகக்கண்ணெல்லாம் சிவந்தது. துடைத்து முடித்ததும் கொட்டகைக்குப் பின்னால் போய் வாந்தியெடுத்தாள்.

அந்தத் துணியை அடுப்பில் போட்டிருக்கலாம். தீப்பெட்டியைக்கூடக் கையில் எடுத்தாள். ஆனால் ஒரு மனுஷன் உடம்பிலிருந்து வந்ததைக் கொளுத்த அவளுக்கு மனசு வரவில்லை. அந்த மனுஷன் இன்னும் சாகவில்லை. துணியை ஒரு பிளாஸ்டிக் கவரில் சுருட்டி, கம்பெனிக்கு எடுத்துப்போகும் டிபன் பையின் அடியில் வைத்தாள். மெஷின் துடைக்கும் எண்ணெய்த் துணிகளைப் போடுவதற்குக் கம்பெனியில் ஒரு சிவப்புத் தொட்டி இருக்கிறது. அதில் போட்டுவிட்டால் ஆயிரம் துணியோடு இதுவும் ஒன்று. இரண்டு மணி ஷிப்டுக்குப் பஸ் ஒன்றேகாலுக்கு எதிர்ப்பக்கம் வந்து நிற்கும்.

பம்பர் தேறாது என்று சின்னராஜ் முதலிலேயே சொல்லிவிட்டான். பின்னால் கிடந்த இன்னொரு வண்டியின் பம்பரை மாட்டினான். பழையதை வாங்கிக்கொள்ளப் பழைய இரும்புக்காரர் மணிவேலுக்கு அவளே போன் செய்தாள். வெள்ளிக்கிழமைதானே வருவேன், இன்னிக்கு என்ன அவசரம் என்று மணிவேல் சிரித்தார். இடம் அடைக்கிறது என்று சொன்னாள். ஒன்பது மணிக்கு அவர் டெம்போவில் வந்து பம்பரைத் தூக்கிப் போட்டுக்கொண்டு போனார். இங்கே சேரும் இரும்பெல்லாம் லாரியில் ஏறி, பார்டர் தாண்டி, கர்நாடகாவில் உருக்குகிற இடத்துக்குப் போய்விடும்.

பதினோரு மணிக்கு சுமலதா போன் செய்தாள். இன்றைக்கு வேலைக்கு வரவில்லையாம். பெரியப்பா அப்படியேதான் கிடக்கிறார், சாயங்காலத்துக்குள் கண் திறக்காவிட்டால் பெங்களூருக்குக் கொண்டுபோகச் சொல்லியிருக்கிறார்களாம். "உங்க சாமிக்கு வேண்டிக்கக்கா," என்றாள்.

சுகுணா போனை வைத்துவிட்டு நிஜமாகவே வேண்டிக்கொண்டாள். அவளுக்குத் தெரிந்த சாமி ஊரில் இருக்கிற வேடியப்பன்தான். பாரூர்ப் பக்கம் கால்வாய்க் கரையில், ஒரு தென்னந்தோப்பு மூலையில், வில் பிடித்த வீரன் செதுக்கிய பழைய கல்லாக நிற்கிறவர். வேடியப்பா, அந்த ஆளைக் கண் திறக்க வை, என் தம்பியையும் காப்பாற்று என்று கேட்டாள். இரண்டையும் சேர்த்துக் கேட்பது நியாயமா என்று அவளுக்கே தெரியவில்லை.

பன்னிரண்டு மணிக்குள் பட்டி போட்டு, உப்புத்தாளால் தேய்த்து, பிரைமரும் அடித்தாகிவிட்டது. சாம்பல் நிறத்தில் வண்டியின் மூக்கு வெயிலில் காய்ந்துகொண்டிருந்தபோது தீர்த்தகிரி வந்து சேர்ந்தான்.

பஸ்ஸை விட்டு இறங்கி ரோட்டைக் கடந்து வந்தவன் வண்டியைப் பார்த்து நின்றுவிட்டான். மூன்று நாள் தாடி. சட்டையைக்கூட மாற்றவில்லை போலிருந்தது. ஏன் மாமா இவ்வளவு அவசரம் என்று கேட்டான்.

சுகுணா நேரே போய் அவன் கன்னத்தில் அறைந்தாள்.

"அந்த ஆளு இன்னும் கண்ணு தொறக்கலடா."

தீர்த்தகிரி கன்னத்தைப் பிடித்துக்கொண்டு முழித்தான். "எந்த ஆளு?"

அவன் முழித்த முழியில் சின்னராஜ் சுத்தியலைக் கீழே வைத்தான். சுகுணா மூச்சு விடாமல் எல்லாவற்றையும் கொட்டினாள், மொபெட், ஆஸ்பத்திரி, வெள்ளை பிக்கப், பம்பரில் இருந்த ரத்தம். ரத்தம் என்ற வார்த்தையைக் கேட்டதும் தீர்த்தகிரி தரையில் உட்கார்ந்தான். பிறகு நடந்ததைச் சொல்ல ஆரம்பித்தான்.

ஞாயிற்றுக்கிழமை பாரூர்க் கால்வாய்க் கரையில் இருக்கும் அந்தத் தென்னந்தோப்பில் மறுநாள் லோடுக்குத் தேங்காய் எண்ணி வைத்திருக்கிறான். ஆட்கள் போனபிறகு, ஆறு மணி வாக்கில், கால்வாய்க் கரைச் சரிவில் வண்டியைத் திருப்பும்போது பிரேக் பிடிக்கவில்லை. வண்டி நேரே போய் மூலையில் நின்ற வேடியப்பன் கல்லில் மோதியது. கல் மல்லாந்துவிட்டது.

சுகுணா வாயைப் பொத்திக்கொண்டாள்.

"அது தோப்பு வச்சிருக்கற தோட்டக்காரங்க குலசாமிக்கா. வருசா வருசம் அவங்கதான் பூச போடறாங்க. நாம எட்ட நின்னு கும்பிடறதோட சரி. நம்ம தெருக்காரன் வண்டிய வுட்டுச் சாமிய சாய்ச்சிட்டான், அப்பறம் தொட்டுத் தூக்கி நிறுத்தினான்னு தெரிஞ்சா, என்னோட போவாது. தெருவே மாட்டிக்கும்."

யாரும் பார்க்கவில்லை. ஜாக்கி வைத்து, கடப்பாரை போட்டு நெம்பி, கயிற்றால் வண்டியில் கட்டி இழுத்து, கல்லைத் தூக்கி நிறுத்திவிட்டான். கால்வாய்த் தண்ணீரால் கழுவினான். அங்கேயே மாடத்தில் இருந்த எண்ணெயையும் குங்குமத்தையும் எடுத்துப் பூசி, அடியில் மண்ணைப் போட்டு மிதித்து, பழையபடி ஆக்கிவிட்டுத்தான் கிளம்பினான். இரண்டு நாளாக அந்தப் பக்கமே போய்ப் போய்ப் பார்த்துக்கொண்டிருந்தானாம். யாருக்கும் வித்தியாசம் தெரியவில்லையாம். அக்கா கேட்டால் உளறிவிடுவோம் என்றுதான் போனை அணைத்து வைத்தான்.

எண்ணெய், குங்குமம். சுகுணா தன் சிவந்த நகக்கண்களைப் பார்த்தாள். அழுகை வந்தது, சிரிப்பும் வந்தது. வருஷக்கணக்காகப் பூசிப் பூசிக் கல்லில் ஏறியிருந்த குங்குமம், பம்பரில் அப்பிக்கொண்டு வந்திருக்கிறது. அதையா ரத்தம் என்று வாந்தியெடுத்தோம் என்று புருஷன் பக்கம் திரும்பினாள்.

சின்னராஜ் சிரிக்கவில்லை. அவன் வண்டியைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

அப்போதுதான் அவளுக்கும் உறைத்தது. குழி இருந்தால், இது கல்லில் பட்ட அடி என்று காட்டியிருக்கலாம். மடிப்பில் கல்லுத் தூள் இருந்திருக்கும். சிவப்பு இருந்தால், இது குங்குமம் என்று காட்டியிருக்கலாம். குழியை இவன் எடுத்துவிட்டான், சிவப்பை அவள் துடைத்துவிட்டாள், பம்பரை மணிவேல் கொண்டுபோய்விட்டார். அங்கே கால்வாய்க் கரையில் கல்லும் ஒன்றுமே நடக்காததுபோல் நிமிர்ந்து நிற்கிறது. தீர்த்தகிரியைக் காப்பாற்றக்கூடிய ஒவ்வொன்றையும் மூன்று பேரும் சேர்ந்து, பயந்து பயந்து, சுத்தமாக அழித்துவைத்திருந்தார்கள்.

ஏழு மணிக்கு நீ எங்கே இருந்தாய் என்று சின்னராஜ் மெதுவாகக் கேட்டான்.

காவேரிப்பட்டினம் ரோட்டில் என்று தீர்த்தகிரி சொன்னான். ஓசூருக்கு வர வேறு வழி ஏது என்றான். யாரையும் இடிக்கவில்லை, பிள்ளைகள் மேல் சத்தியம் என்றான்.

சுகுணாவின் சிரிப்பு நின்றுபோனது. அதே ரோடு, அதே நேரம், அதே நிற வண்டி. புளியமரம் என்று சொன்னபோதும் இதே முகத்தோடுதானே சொன்னான். கல்லில் மோதியது நிஜமாகவே இருக்கட்டும். அதற்கப்புறம் பயத்தோடு, பிரேக் சரியாகப் பிடிக்காத வண்டியை ஓட்டிக்கொண்டு வந்தவன், வழியில் யாரையும் தட்டவில்லை என்று எப்படி நிச்சயமாகச் சொல்வது? சின்னராஜைத் தனியாக இழுத்துப்போய் அடியைப் பற்றிக் கேட்டாள்.

"கல்லும் அப்பிடித்தான் மடிக்கும்," என்றான் அவன். "மொபெட்டும் அப்பிடித்தான் மடிக்கும். ஒண்ணு மேல இன்னொண்ணு பட்டிருந்தாலும் பம்பர பாத்தா சொல்லிடுவேன். அன்னிக்கு அதத் தேடிப் பாக்கல. இப்ப என்னத்த பாக்கறது?"

அவள் மணிவேலுக்குப் போன் செய்தாள். பம்பர் திரும்ப வேண்டும் என்றாள். பிறகு அவர் இன்னொரு போனில் லாரி டிரைவரிடம் கன்னடத்தில் பேசுவது கேட்டது. லாரி பார்டரில் அத்திப்பள்ளியைத் தாண்டியாயிற்றாம். இரண்டு மணிக்குள் இறக்கிவிடுவானாம். இறக்கியதும் நேரே மெஷினில் போட்டு அமுக்கிவிடுவார்கள், சொல்லிப் பார்க்கிறேன் என்றார். தீர்த்தகிரி மாமாவின் பைக் சாவியைப் பிடுங்கிக்கொண்டு ஓடினான். பார்டர் நாற்பது நிமிஷம், துரத்திப் பிடித்துவிடலாம் என்றான்.

பைக்கை அவன் உதைப்பதற்குள் பட்டறை வாசலில் ஒரு புல்லட் வந்து நின்றது.

வந்தவர் ஏட்டு. நெஞ்சில் நாராயணப்பன் என்று பெயர்ப் பட்டை. நல்ல உயரம், தணிந்த குரல். முதலில் தண்ணீர் கேட்டுக் குடித்தார். பிறகு போனை எடுத்து ஒரு படத்தைக் காட்டினார். கிருஷ்ணகிரி டோல்கேட் கேமராவில் விழுந்தது. ஞாயிற்றுக்கிழமை, இரவு எட்டு மணி பத்து நிமிஷம். மூக்கு நசுங்கிய வெள்ளைப் பிக்கப், நம்பர் தெளிவாகத் தெரிந்தது. வண்டி யாருடையது என்று கேட்டார். தீர்த்தகிரி கையை லேசாகத் தூக்கினான்.

ஏட்டு வேறு எதுவும் கேட்கவில்லை. வண்டியை ஒரு சுற்று சுற்றி வந்தார். முன்னால் குனிந்து, இன்னும் சரியாகக் காயாத பிரைமர் மேல் விரலை வைத்தார். பானெட்டின் மூக்கை இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம் வரை உள்ளங்கையால் தடவிப் பார்த்தார். பிறகு நிமிர்ந்து சின்னராஜைப் பார்த்தார்.

"நல்ல வேலை. பட்ட எடமே தெரியல."

சின்னராஜ் தூணைப் பிடித்துக்கொண்டான். அவன் கேட்க ஆசைப்படுகிற வார்த்தை அதுதான். 

பழைய பம்பர் எங்கே என்று ஏட்டு கேட்டார். காலையில் இரும்புக்குப் போட்டுவிட்டோம் என்று சின்னராஜ் உள்ளதைச் சொன்னான். வேலைக்கு முன்னால் போட்டோ எடுத்தீர்களா? இல்லை. எதில் மோதியது? அதற்குத் தீர்த்தகிரிதான் பதில் சொல்லவேண்டும்.  அக்காவைப் பார்த்தான். சொல்லிவிடாதே என்று அந்தப் பார்வை கெஞ்சியது. கல்லைப் பற்றி இங்கே சொன்னால் நாளைக்கு ஊரில் விசாரிப்பார்கள். விசாரித்தால் விஷயம் தோட்டக்காரர்கள் காதுக்கும் போகும், தெருவே மாட்டும்.

"மரங்க சார்," என்றான்.

ஏட்டு தலையை ஆட்டினார். கோபப்படவேயில்லை. ஸ்டேஷன் வரைக்கும் வந்துவிட்டுப் போகலாம், பின்னால் ஜீப் வருகிறது என்றார். வேலை செய்தவரும் வரவேண்டியிருக்கும் என்று சின்னராஜையும் பார்த்துச் சொன்னார்.

எதிர்ப்பக்கம் கம்பெனி பஸ் வந்து நின்று ஹாரன் அடித்தது. ஜன்னலில் இரண்டு பெண்கள் சுகுணாவைப் பார்த்துக் கையசைத்தார்கள். டிபன் பை அவள் தோளில்தான் தொங்கிக்கொண்டிருந்தது. ரோட்டைக் கடந்து ஏறிவிட்டால் போதும். முக்கால் மணி நேரத்தில் துணி சிவப்புத் தொட்டிக்குள் போய்விடும். அதற்கப்புறம் யாராலும் எதையும் நிரூபிக்க முடியாது. தம்பி குற்றவாளி என்றும் முடியாது, இல்லையென்றும் முடியாது.

ஆனால் ஏட்டு முடிவு செய்துவிட்டார் என்பது அந்தத் தணிந்த குரலிலேயே தெரிந்தது. அவசர அவசரமாகச் செப்பனிட்ட வண்டி, எங்கோ போய்விட்ட பம்பர், மரம் என்று புளுகுகிற டிரைவர். இதற்கு மேல் அவருக்கு என்ன வேண்டும்? துணியில் இருப்பது குங்குமம் என்றால் தம்பி ஜெயிலிலிருந்து தப்பிப்பான், ஊரிடம் மாட்டுவான். ரத்தம் என்றால் அவளே தன் கையால் அவனைக் கொடுத்தவளாவாள். காலையிலிருந்து நாலு தடவை அந்தக் கவரைத் திறந்து முகர்ந்து பார்த்துவிட்டாள். மண்ணெண்ணெய் நாற்றத்தைத் தவிர வேறு ஒன்றும் வரவில்லை.

பஸ் இரண்டாவது தடவை ஹாரன் அடித்தது. ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்திருக்கும் சுமலதாவின் முகம் ஞாபகத்துக்கு வந்தது. நாளைக்கோ மறுநாளோ அவள் திரும்பவும் பக்கத்து சீட்டில் வந்து உட்காருவாள். மறுபடி சாய்ந்து அழுதால் இந்தத் தோள் என்ன செய்யும்?

சுகுணா டிபன் பையைத் திறந்து, சாப்பாட்டு டப்பாவை எடுத்துத் தரையில் வைத்தாள். அடியிலிருந்த கவரை எடுத்து ஏட்டிடம் நீட்டினாள். சின்னராஜ் அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டான். அவள் திரும்பவில்லை.

"பம்பர தொடச்ச துணி சார் இது. நான்தான் தொடச்சேன்," என்றாள்.  "இது என்னன்னு எனக்குத் தெரியல. நீங்களே பாத்துச் சொல்லுங்க."

ஏட்டு கவரை வாங்கி வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். பச்சைப் புடவைத் துண்டில் சிவப்பு திட்டுத்திட்டாகத் தெரிந்தது. இதை லேபுக்கு அனுப்பினால் சொல்லிவிடுவார்கள் என்றார். எதிரே கம்பெனி பஸ் அவளை விட்டுவிட்டுக் கிளம்பிப் போனது.

சுகுணா தம்பியின் முகத்தைப் பார்த்தாள். பதில் அங்கேயாவது இருக்கும் என்று நினைத்தாள். அவன் கண்கள் அந்தக் கவரை விட்டு அசையவில்லை, உதடு வெளுத்திருந்தது. சாமியைச் சாய்த்தவன் பயமா அது, ஆளைச் சாய்த்தவன் பயமா என்று, இடுப்பில் வைத்து வளர்த்தவளுக்கே தெரியவில்லை.